பெரிய கோயிலில் கேமரா ஸ்டாண்ட்: அனுமதி வாங்குவதில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

தஞ்சைப் பெரிய கோயிலை வெளியே நின்று படம் எடுக்கக் காசும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். கேமரா கையில் இருக்கும்வரைதான் இந்தச் சலுகை. 1959-ஆம் ஆண்டுத் தொல்லியல் விதிகளில் கேமரா ஸ்டாண்ட், நாற்காலி, மேசை எல்லாம் ஒரே பட்டியலில் நிற்கின்றன; எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனித் தாளாக ஃபிலிம் போடும் 4-க்கு 5 அங்குல ஷீட் ஃபிலிம் கேமராவுக்கோ ஸ்டாண்ட் இல்லாமல் வேலையே ஓடாது. இருட்டு மண்டபத்தில் ஒளி அளக்கும் மீட்டர் 10 விநாடி காட்டினால், எஃப்பி4 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு 18 விநாடி கொடுக்க வேண்டும்; நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்திறன் குறையும்.

மனுவை இந்தியத் தொல்லியல் துறையின் திருச்சி வட்டத்துக்கு, அதாவது அதன் மண்டல அலுவலகத்துக்கு, அனுப்புங்கள். அந்த வட்டம் சென்னை வட்டத்திலிருந்து பிரிந்ததே 2020-ல்தான். பழைய பழக்கத்தில் சென்னைக்கு அனுப்பினால் அங்கேயே கிடக்கும். மாமல்லபுரம் இன்னும் சென்னைதான். மதுரை திருமலை நாயக்கர் மகால் இரண்டிலும் சேராது, அது மாநிலத் தொல்லியல் துறையுடையது.

பலர் சறுக்குவது மனுவில் ‘ஃபிலிம் கேமரா’ என்று எழுதித்தான். உடனே கோப்பு சினிமா படப்பிடிப்புக் கணக்கில் ஏறும்: நாளுக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாத கட்டணம், டெபாசிட் தனி. ஏறிய கோப்பை இறக்க யாருக்கும் அவசரம் இருக்காது. அதனால் முதல் வரியிலேயே எழுதுங்கள்: ‘ஸ்டில் போட்டோ மட்டும், வீடியோ, நடிகர், விளக்கு கிடையாது, ஒரு ஆள், ரப்பர் கால் வைத்த ஒரு ஸ்டாண்ட்.’ கேமராவின் படத்தையும் இணையுங்கள். கறுப்புத் துணி போர்த்திய பெட்டியைப் பார்த்தால் எவருக்கும் சந்தேகம் வரும்.

ஒற்றைத் தேதி கேட்காதீர்கள். மேகம் மூடினால் கடிதம் வீண், மறுபடி முதலிலிருந்து. அடுத்தடுத்து மூன்று நாள் கேளுங்கள். கோயில் கிழக்கு பார்த்தது, முகப்பில் வெயில் விழுவது காலையில். பிரதோஷ நாளைத் தவிர்த்துவிடுங்கள். அன்று மாலை நந்தியைச் சுற்றிக் கால் வைக்க இடமிருக்காது.

கடிதம் வந்தாலும் பாதிக் கிணறுதான். வட்ட அலுவலகத்தின் நகல் வாசல் காவலருக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். முந்தின நாளே கோயிலில் உள்ள துறை அலுவலரைப் பார்த்து, நகலில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கருவறைக்கு இந்தக் கடிதம் செல்லாது; அங்கே தேவஸ்தானத்தின் சொல்தான்.

பை சோதனையில் ஃபிலிம் ஹோல்டரின் (ஷீட்டை வெளிச்சம் படாமல் வைக்கும் தட்டை உறை) மூடித் தகட்டை உருவிப் பார்த்தால் அந்த ஷீட் போச்சு. காலி ஹோல்டர் ஒன்றைப் பையில் மேலாக வைத்து, அதைத் திறந்து காட்டுங்கள். ஃபிலிம் போட்டவற்றின் மேல் ‘திறக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் வீண்’ என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.