கால் எடுத்த பிறகு: முதல் ஓராண்டில் வீட்டில் செய்ய வேண்டியவை

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டு மறுவாழ்வு சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இரண்டுதான்: சாலை விபத்து, ஆறாத சர்க்கரைப் புண். யார் வந்தாலும் உடன் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “செயற்கைக் கால் எப்ப சார் போடலாம்?” என்பது. காயம் நன்றாக ஆறி, வீக்கம் வடிந்த பிறகு போடலாம்; பலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆனால் கால் வாங்கியும் அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்துவிட்டு உட்கார்ந்தே இருப்பவர்கள் நிறையப் பேர். அதற்கான காரணங்கள், கால் வருவதற்கு முந்தைய வாரங்களிலேயே தொடங்கிவிடுகின்றன.

முதலில் கட்டு. மீதியிருக்கும் காலை நாங்கள் ஸ்டம்ப் என்போம். அது நுனியில் குறுகி, மேலே போகப்போக அகன்று வந்தால்தான் சாக்கெட்டுக்குள், அதாவது செயற்கைக் காலின் மேலே ஸ்டம்ப் நுழையும் குழிவான பகுதிக்குள், சரியாக உட்காரும். அந்த வடிவத்தைக் கொண்டுவருவது 4 அங்குல அகல கிரேப் பேண்டேஜ். தையலும் காயமும் அனுமதிக்கும் நிலையில், மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கட்ட வேண்டும். வளையம் வளையமாகச் சுற்றவே கூடாது; அது கயிறு போட்டு இறுக்குவதற்குச் சமம், நுனி வீங்கிக் கறுக்கும். குறுக்காக, எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே வரவரத் தளர்வாகவும் சுற்றி, நழுவாமலிருக்க முழங்காலுக்கு மேலே ஒரு சுற்று கொண்டுபோய் முடிக்க வேண்டும். முட்டிச்சில்லு வெளியே தெரியட்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, தோலைப் பார்த்து, மறுபடி கட்டுங்கள். விண்விண்ணென்று தெறித்தால் உடனே அவிழ்க்க வேண்டும். இரண்டு ரோல் வைத்துக்கொண்டு ஒன்றை அலசி, முறுக்காமல், நிழலில் தட்டையாகக் காயப்போட்டால் எலாஸ்டிக் கெடாது.

வலிக்கு இதமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. மடங்கியே கிடக்கும் முழங்கால் சில வாரங்களில் அப்படியே இறுகிவிடும். நேராக நீட்ட முடியாத காலுக்குச் செயற்கைக் கால் பொருத்துவது பெரும்பாடு. கால் நீட்டியே இருக்கட்டும். நாற்காலியில் உட்காரும்போது ஸ்டம்பைத் தொங்கவிடாமல், எதிரே ஒரு ஸ்டூலையோ பலகையையோ கொடுத்துத் தாங்குங்கள். தினமும் இரண்டு மூன்று முறை, 20 நிமிடம் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். இடுப்பு மடங்கி இறுகாமலிருக்க இதைவிட எளிய வழி கிடையாது.

இன்னொன்று, விழுதல். தூக்கக் கலக்கத்தில் எழுந்து, கால் இருக்கிறது என்ற நினைப்பில் இறங்கி, ஸ்டம்ப் தரையில் மோத விழுவார்கள். ஆறிவந்த தையல் பிரிந்துவிடும். கால் எடுக்கப்பட்ட பக்கமாகக் கட்டிலை ஒட்டி ஒரு கனமான நாற்காலியையோ வாக்கரையோ போட்டுவையுங்கள். இறங்கும்போது கை முதலில் அதில் பட்டால் நினைவு வந்துவிடும்.

இல்லாத பாதத்தில் எரிச்சல், விரல் இறுகி மடங்கியதுபோல் வலி என்று சொல்லத் தயங்குபவர்கள் பலர்; மனம் பேதலித்துவிட்டதோ என்ற பயம். கால் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வலி வரும். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடிச் சிகிச்சையை முன்வைத்தார். இரண்டு கால்களுக்கும் நடுவே நீளமான கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் மட்டும் தெரியும்படி உட்கார்ந்து, பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே பாதத்தை மெதுவாக அசைக்க வேண்டும். தினம் 15 நிமிடம் போதும். எல்லோருக்கும் பலிக்காது, பலிப்பவர்களுக்கு நல்ல நிம்மதி. ஸ்டம்பை விரலால் தட்டுவது, பருத்தித் துணியால், பிறகு டர்க்கி டவலால் தேய்ப்பது ஆகியவையும் உதவும். நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகள் உண்டு, கடையில் வாங்கும் வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது.

பலரும் சொல்லாத ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். “நீ சும்மா உக்காருப்பா, நாங்க பாத்துக்கிறோம்.” பாசத்தில் வரும் வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக் கணக்கு அவர் கையைவிட்டுப் போகிறது, பிள்ளையின் பள்ளிக்கூட முடிவில் அவரைக் கேட்பதில்லை, உறவில் ஒரு காதுகுத்து என்றால் அவரை விட்டுவிட்டுப் போகிறார்கள். கால் போனதைவிட இது ஆளைச் சீக்கிரம் படுக்கவைக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரமே உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு பொறுப்பை முழுசாகக் கொடுங்கள்: பால்கணக்கு, சமையலுக்குக் காய் நறுக்குவது, பேரப்பிள்ளைக்குப் பாடம். அழுகை வரட்டும், அது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். சாகலாம் என்ற பேச்சு வந்தால் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416. எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

செயற்கைக் கால் வந்த பிறகு முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் சற்றுச் சிவப்பது சரி. முன்னெலும்பின் விளிம்பு, வெளிப்பக்கக் குமிழ், நுனி ஆகியவை சிவந்து 20 நிமிடத்தில் மறையவில்லை என்றால் காலைச் செய்தவரிடம் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். “பழகிடும்” என்று நடந்தால் புண்ணாகும். ஸ்டம்ப் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். சாக்கெட் லொடலொடத்தால் ஸ்டம்பில் மாட்டும் துணி உறை ஒன்று கூட்டிப் போடலாம். நான்கைந்து உறை தேவைப்பட்டால் புது சாக்கெட்டுக்கு நேரம் வந்துவிட்டது. நம் வெயிலில் மதியம் ஒருமுறை கழற்றி, வியர்வை துடைத்து, உலர்ந்த உறைக்கு மாறுங்கள். ஸ்டம்பை இரவில் கழுவுவது நல்லது. ஈரத்தோடும் எண்ணெயோடும் சாக்கெட்டுக்குள் விட்டால் தோல் உரியும். வயலில் இறங்குபவர்கள், சம்மணமிட்டு உட்கார வேண்டியவர்கள் ஜெய்ப்பூர் கால் பற்றிக் கேளுங்கள். 1968இல் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது, செருப்பில்லாமல் வரப்பில் நடக்கலாம்.

பிழைப்புக்கு வருவோம். கால் போனவர் என்றாலே பெட்டிக்கடை வைத்துக்கொடுத்துவிடலாம் என்று குடும்பம் முடிவெடுக்கிறது. வியாபாரம் பழகாதவரிடம் பெட்டிக்கடை தங்காது. அவருடைய பழைய தொழிலையே எடுத்து, ஒரு தாளில் துண்டு துண்டாக எழுதுங்கள். பரோட்டா மாஸ்டர் என்றால்: மாவு பிசைவது, உருண்டை பிடிப்பது, வீசுவது, கல்லில் போட்டு எடுப்பது, அடித்து அடுக்குவது, சரக்கு வாங்குவது, பசங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நின்று, நடந்து, தூக்கி, உட்கார்ந்து என்று குறியுங்கள். உருண்டை பிடிப்பதும் வீசுவதும் மேசை உயரத்துக்கு ஏற்ற ஸ்டூலில் உட்கார்ந்தே முடியும். கல்லடியில் பல மணி நேரம் நிற்பதுதான் முடியாது. வெக்கையும் வியர்வையும் ஸ்டம்பைப் புண்ணாக்கும். கல்லை மட்டும் இன்னொருவர் பார்த்தால் அவர் மாஸ்டராகவே இருக்கலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர் எடைபோடவும் கணக்கெழுதவும் மாறலாம். தையல்காரர் மிஷினுக்கு மோட்டார் மாட்டிப் பெடலை நல்ல கால் பக்கம் வைக்கலாம். முதல் மாதம் இரண்டு மணி நேரம், பிறகு அரைநாள் என்று ஏற்றுங்கள்.

சர்க்கரையால் கால் இழந்தவருக்கு மற்றக் காலும் ஆபத்தில் இருக்கிறது. தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், விரலிடுக்கைத் துடையுங்கள், வீட்டுக்குள்ளும் எம்சிஆர் எனப்படும் மிருதுவான ரப்பர் செருப்பு போடுங்கள். சித்திரை வெயிலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடந்தால் உணர்ச்சி செத்த பாதம் வெந்துபோவதே தெரியாது. காலையிலோ விளக்கு வைத்த பிறகோ போய்க் கும்பிடுங்கள்.

கடைசியாக ஆவணங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்றளித்தால் பெரும்பாலான உதவிகளுக்கு வழி திறக்கும். செயற்கைக் கால், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அரசு ஊழியர் பணியில் இருக்கும்போது ஊனமுற்றால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. அந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அவசரப்பட்டு விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சாலை விபத்தென்றால் இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். எஃப்ஐஆர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளச் சான்று மூன்றையும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி வையுங்கள். நாள் கடந்தால் இவற்றை வாங்கத்தான் அதிகம் அலைய வேண்டியிருக்கும்.