எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்கலாமா? மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு

கோட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் எனக்கு, மஞ்சள் பையைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். ஆதார் நகல், கணவரின் இறப்புச் சான்று, நான்காய் மடித்த தானசெட்டில்மென்ட் பத்திரம், அதாவது உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். போன மாதம் வந்த பாட்டிக்கு 74 வயது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ரேகை வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தேன் கண்ணு, படித்தா பார்த்தேன்" என்றார்.

என்னிடம் வரும் ஆண் பெரியவர்களில் பலர் "நான் இருக்கும்வரை என் பெயரிலேயே இருக்கட்டும்" என்று பிள்ளைகளிடம் ஒருமுறையாவது சொல்லிப் பார்த்தவர்கள். அம்மாக்களுக்கு அந்த வாய் வருவதில்லை. கணவர் போனபின் மாத்திரைக்கும் மகன் கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் நிபந்தனை போட்டால் பெற்ற பிள்ளையையே சந்தேகிப்பதாக ஆகிவிடுமே என்று கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் வீடு போகிறது.

சட்டம் 2007இல் வந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் என்று நீளமாகப் பெயர். தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கிறது. மகன், மகள், வயது வந்த பேரன் பேத்தியிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காமல் விட்டால் செல்லாது என்று அறிவிக்கும்படி 23ஆம் பிரிவில் கேட்கலாம். பின்னணி இவ்வளவு போதும்.

'நிபந்தனையோடு' என்ற சொல்லில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். ஆவண எழுத்தர் கையில் வைத்திருக்கும் மாதிரியில் அந்த வரி பெரும்பாலும் இருக்காது. "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று தொடங்கி, "எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை" என்று முடித்துவிடுவார். நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. இந்தச் சட்டத்துக்குப் பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. அன்பும் பிரியமுமே மறைமுகமான நிபந்தனைதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஒரு தாயின் வழக்கில் தீர்ப்பளித்தது. அலுவலகத்தில் எந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? 2022ஐத்தான். மனுவைத் தள்ளுபடி செய்ய அதுவே சுலபம். ஆகவே பத்திரத்தில் நிபந்தனை வரி இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். 2025 தீர்ப்புகளின் நகலை மனுவோடு சேர்த்தே கொடுங்கள். வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த பள்ளம், யார் எழுதிக் கொடுத்தது என்பது. 23ஆம் பிரிவு, சொத்தைக் கொடுத்தவரைப் பற்றித்தான் பேசுகிறது. கணவர் தன் பெயரில் இருந்த வீட்டை மூத்த மகனுக்கு எழுதிவிட்டுக் கண்ணை மூடியிருந்தால், மனைவி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது "நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே" என்ற கேள்வி வரும். நாற்பது வருடம் அந்த அடுப்படியில் நின்றதற்குப் பத்திரத்தில் இடமில்லை. பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு. சட்டம் அமலுக்கு வருவதற்கு முன் எழுதிய பத்திரத்தையும் இந்தப் பிரிவு தொடாது.

இன்னொன்று. "மகனை விட்டுவிடு, மருமகள் மேல் மனு எழுது" என்று சொல்லாத அம்மாவே இல்லை. சட்டத்தில் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்குள் மருமகள் வரமாட்டார். சொத்து அவர் பெயருக்கு எழுதப்பட்டிருந்தால் தவிர, அவர் மேல் மட்டும் கொடுத்த மனு நிற்காது. மகளிடம் கேட்பது மானக்கேடு என்று மகள் பெயரை விடுவதும் அப்படித்தான். மகன் முதல் விசாரணையிலேயே "அக்காவையும் சேருங்கள்" என்பான்; சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. புதிதாக நோட்டீஸ், புதிதாக வாய்தா. முதலிலேயே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள். அறுபது வயது ஆகவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் நம்ப வேண்டாம். பராமரிப்புத் தொகை கேட்க, பெற்ற தாய் தகப்பனுக்கு இந்தச் சட்டத்தில் வயது வரம்பு இல்லை; சொத்தைத் திரும்பக் கேட்கும் 23ஆம் பிரிவுதான் அறுபது வயது ஆனவர்களுக்கு.

இனி அலைச்சல். காவல் நிலையத்தில் "குடும்பத் தகராறு, பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். சார்பதிவாளரிடம் போனால், பதிவான பத்திரத்தை ஒருவராக வந்து ரத்து செய்ய முடியாது என்பார். அவர் சொல்வது சரி. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனு, தாலுகா அலுவலகம், காவல் நிலையம் என்று சுற்றிவிட்டு "விசாரித்து அறிவுரை வழங்கப்பட்டது" என்ற ஒரு வரியாகத் திரும்பும். சுற்ற வேண்டாம், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கே நேராகப் போங்கள். மனுவின் தலைப்பிலேயே சட்டத்தின் பெயரையும் "பிரிவு 5 மற்றும் 23" என்பதையும் எழுதுங்கள். "எனக்கு நீதி வேண்டும்" என்று மட்டும் எழுதினால், மாதம் ஏதோ ஒரு தொகை கொடுக்கச் சொல்லிக் கோப்பை மூடிவிடுவார்கள். வீடு மகனிடமே இருக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. மனு பெற்றதற்கு முத்திரையும் தேதியும் இட்ட நகல் கையில் இல்லாமல் படியிறங்காதீர்கள்.

பராமரிப்பு மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும், மேலும் 30 நாள் நீட்டிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு, எதிர்த்தரப்பின் கையில் நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும். மகன்களுக்கு இது நன்றாகத் தெரியும். தபால்காரர் வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் மகன் வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் மனுவிலேயே கொடுங்கள். தொகை கொடுக்க உத்தரவாகி, பிறகு மகன் நிறுத்திவிட்டால், நிலுவையான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வசூலிக்கக் கோரி மனு கொடுத்தாக வேண்டும். "அடுத்த மாதம் தருவான்" என்று பொறுமை காட்டும் அம்மாக்கள் இதில்தான் இழக்கிறார்கள். உத்தரவே பாதகமாக வந்தால், 60 நாளுக்குள் ஆட்சியரிடம் மேல்முறையீடு.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு: முடிந்தால் உயிலோடு நிறுத்துங்கள். மனம் மாறினால் உயிலை மாற்றலாம், செட்டில்மென்ட் அன்றைக்கே கைமாறிவிடும். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை, உணவு, மருத்துவச் செலவு, தவறினால் பத்திரம் ரத்தாகும் என்ற வரி, இவை எல்லாம் உள்ளே வர வேண்டும். கணவர் எழுதினால் மனைவியின் பெயரும் அந்த வரியில் இருக்கட்டும். "அதெல்லாம் எதற்கம்மா, நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா" என்று கேட்கிற பிள்ளையிடம், பார்த்துக்கொள்வதை எழுதுவதில் என்ன கஷ்டம் என்று திருப்பிக் கேளுங்கள்.

செல்லாது என்று உத்தரவு வந்ததும் பலர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுகிறார்கள். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றியபின் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, பட்டாவையும் உங்கள் பெயருக்குத் திருப்ப வேண்டும். அதுவரை கணினியில் மகன்தான் உரிமையாளர், நீங்கள் எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் காட்டி அவன் கடன் வாங்க முடியும்.