குபர்னட்டீஸுக்கு எந்த லைப்ரரி? முதலில் வாட்ச்சைப் பாருங்கள்

பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள் குபர்னட்டீஸ். அதோடு பேசும் நிரலுக்கு எந்த கிளையன்ட் லைப்ரரி (அந்தப் பேச்சுக்கான ஆயத்த நிரல் தொகுப்பு) நல்லது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கோ, பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப் என்று பல மொழிகளுக்கு அதிகாரபூர்வ லைப்ரரியே உண்டு. பாட்களை, அதாவது செயலிகள் ஓடும் சிறு அலகுகளை, உருவாக்க, அழிக்க, பட்டியல் எடுக்க மட்டும்தான் என்றால் ரொம்ப யோசிக்க வேண்டாம். எல்லாமே கடைசியில் குபர்னட்டீஸின் வாசலான ஏபிஐ சர்வருக்கு எச்டிடிபி கோரிக்கைதான் அனுப்புகின்றன. கைக்குப் பழகிய மொழியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளஸ்டரில், அதாவது குபர்னட்டீஸ் நிர்வகிக்கும் கணினிக் கூட்டத்தில், நடப்பதை விடாமல் கவனிக்கும் நிரல் என்றால் கதையே வேறு.

ஆயிரக்கணக்கான பாட்கள் ஓடும்போது, எது விழுந்தது என்று அறிய நொடிக்கு நொடி முழுப் பட்டியலையும் கேட்டால் சர்வர் திணறிப்போகும். அதனால் பட்டியலை ஒரே ஒரு முறை வாங்குகிறோம். கூடவே 'ரிசோர்ஸ் வெர்ஷன்' என்றொரு குறியீடும் வரும். பட்டியல் எந்தக் கணத்து நிலவரம் என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் அதைக் காட்டி, இதற்குப் பிறகு மாறியதை மட்டும் சொல் என்று வாட்ச் கோரிக்கை அனுப்புகிறோம். அந்த இணைப்பு திறந்தே இருக்கும். சேர்ந்தது, மாறியது, அழிந்தது என்று ஒவ்வொன்றாகச் செய்தி வரும். நடுவில் இணைப்பு அறுந்தாலும் கடைசியாகக் கண்ட குறியீட்டைக் காட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் பழைய வரலாறு என்றைக்கும் இருக்காது. பின்னால் இருக்கும் எட்சிடி தரவுத்தளத்தில் பழைய பதிப்புகள் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை களையப்படும். காலம் கடந்த குறியீட்டோடு போனால் 410 என்ற பிழை வரும். அப்போது பட்டியலைப் புதிதாக எடுத்து, கையில் இருக்கும் நகலோடு ஒப்பிட வேண்டும். நகலில் உள்ள, ஆனால் புதுப் பட்டியலில் இல்லாதவையெல்லாம் இடையில் அழிந்தவை. இதைச் செய்யாத நிரலின் நினைவகத்தில் செத்த பாட்கள் உயிரோடு உலவும்.

கோ மொழிக்கான அதிகாரபூர்வ லைப்ரரியான கிளையன்ட்-கோவில் 'இன்ஃபார்மர்' என்ற பகுதி இத்தனையையும் தானே பார்த்துக்கொள்கிறது. இடையில் ஒரு பாட் அழிந்திருந்தால், 'அழிந்துவிட்டது, ஆனால் கடைசி நிலை தெரியாது' என்று சொல்வதற்கென்றே தனி வகை வைத்திருக்கிறார்கள். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். கிளையன்ட்-கோவின் வேலை வரிசையில் ஒரே பாட் பத்து முறை மாறினாலும், கையில் எடுக்கும்வரை ஒரே பதிவுதான். வேலை தோற்றால் 5 மில்லிநொடியில் தொடங்கி, இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே 1000 நொடி வரை பொறுத்து முயலும். கிளஸ்டரை விரும்பிய நிலையில் வைத்திருக்கும் குபர்னட்டீஸின் சொந்த கன்ட்ரோலர்களே இதை நம்பி ஓடுகின்றன.

ஜாவாவில் அதிகாரபூர்வ லைப்ரரி, ஃபேப்ரிக்8 என்ற இன்னொரு லைப்ரரி இரண்டிலும் இன்ஃபார்மர் உண்டு. ரஸ்ட் மொழியில் கியூப்-ஆர்எஸ் லைப்ரரி நன்றாகச் செய்கிறது. பைத்தானில் வெறும் வாட்ச்சை வைத்து எழுதினால் 410க்குப் பிந்தைய வேலை உங்கள் தலையில் விழலாம். ஏபிஐ அழைப்புகளுக்கான நிரலைக் கருவியே எழுதித் தந்துவிடும். இன்ஃபார்மரை மனிதர்கள்தான் எழுத வேண்டும். இவற்றால் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் அந்த உழைப்புக்குப் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை ஓட்டிப் பாருங்கள். நிரலின் இணைப்பைப் பத்து நிமிடம் துண்டித்து, அந்த நேரத்தில் சில பாட்களை அழித்துவிட்டு, மறுபடி இணையுங்கள். அழிந்தவை அத்தனைக்கும் செய்தி வருகிறதா என்று எண்ணுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் வேறு லைப்ரரி தேடுங்கள்.