பதினெட்டு மெய்யும் ஒரு கழித்தலும்

தரப்பட்ட வாக்கியமொன்றில் தமிழின் 18 மெய்களும், தனியாகவோ உயிரோடு சேர்ந்தோ, இடம்பெற்றுள்ளனவா என்று கண்டறியும் செய்நிரலைப் பைதன் என்ற கணினி மொழியில் எழுதுமாறு யாழ்ப்பாணத்து உயர்தர மாணவரிடம் கேட்டால், அவர் பெரும்பாலும் ஒரு வளையத்துக்குள் (loop) இன்னொரு வளையத்தை வைத்து, ஒவ்வொரு மெய்யையும் வாக்கியத்தின் ஒவ்வோர் எழுத்தோடும் ஒப்பிடத் தொடங்குவார். அது பிழையன்று. ஆயினும், சாதாரண தரக் கணிதத்தில் அவர் வென் வரிப்படம் வரைந்து பழகிய தொடைகள் (sets), 2004இல் வெளிவந்த 2.4ஆம் பதிப்பு முதல் பைதனின் உள்ளமைந்த தரவு வகையாகவும் இருக்கின்றன. அவற்றைக் கையாண்டால் இப்பயிற்சி ஒரே கழித்தலில் முடிந்துவிடும்.

தொடையில் ஒரு மூலகம் (உறுப்பு) ஒருமுறை மட்டுமே இருக்கும். மூலகங்களுக்கு வரிசை கிடையாது. "யாழ்ப்பாணத்துப் பனங்கிழங்கு" என்ற சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, தொடையாக மாற்றி, 18 மெய்களின் தொடையிலிருந்து அதனைக் கழித்தால், ச, ஞ, ட, ந, ம, ர, ல, வ, ள, ற ஆகிய பத்தும் எஞ்சும். எதுவும் எஞ்சாமல் சூனியத் தொடை கிடைத்தால், வாக்கியத்தில் எல்லா மெய்களும் உள்ளன என்று பொருள். கழித்தலின் திசை இங்கு முக்கியம்: சரத்தின் தொடையிலிருந்து மெய்களைக் கழித்தால் ஆகார, இகர, உகரக் குறிகளும் புள்ளியும் சொற்களுக்கிடையிலான வெற்றிடமுமே மிஞ்சும்.

குறிகள் தனியே மிஞ்சுவதற்குக் காரணம் ஒருங்குறி (Unicode), அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களால் குறிக்கும் முறை. நாம் ஓரெழுத்தாக வாசிக்கும் "கி", கணினிக்குள் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ஆகவே மேற்படி சரம் நமக்கு 15 எழுத்துகள், பைதனுக்கோ வெற்றிடத்தோடு 27 குறியீடுகள். தொடையானதும் அவை 13 ஆகச் சுருங்குகின்றன. எழுத்துகளை எண்ணும்போது தலைவலி தருகின்ற இந்தப் பிரிப்பு, மெய்களைத் தேடும்போது கேளாமலே உதவுகிறது: க், கி, கு எல்லாவற்றிலும் ககரம் தனித்து நிற்கிறது.

தொடை விரைவாக இயங்குவதற்குக் காரணம் ஹாஷ் அட்டவணை. ஒவ்வொரு மூலகத்திலிருந்தும் ஓர் எண் கணிக்கப்பட்டு, அந்த எண் காட்டும் இடத்தில் மூலகம் வைக்கப்படுகிறது. தேடும்போதும் அதே எண்ணைக் கணித்து நேரே அங்கு போகலாம். விலாசம் தெரிந்த தபாற்காரர் ஒழுங்கையிலுள்ள ஒவ்வொரு படலையையும் தட்டுவதில்லை. இரு மூலகங்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால் அடுத்த இடங்கள் பார்க்கப்படும். பட்டியலில் தேடும் நேரம் அதன் நீளத்தோடு கூடுகிறது. தொடையில் அது சராசரியாக மாறாதிருக்கிறது. சிறு வாக்கியத்தில் இவ்வேறுபாடு புலப்படாது. தலா 2000 சுட்டெண்கள் கொண்ட இரு பட்டியல்களின் இடைவெட்டை, அதாவது இரண்டிலும் உள்ளவற்றை, காண வளையங்களுக்கு 40 இலட்சம் ஒப்பீடுகள்வரை தேவைப்படலாம். தொடைகளுக்குச் சில ஆயிரம் படிகள் போதும்.

பைதன் 3.3 முதல் சரங்களின் ஹாஷ் எண் ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறுவதால், எஞ்சிய பத்து மெய்களும் ஒவ்வொரு முறையும் வேறு ஒழுங்கில் அச்சாகலாம். அவற்றை வரிசைப்படுத்தினாலும் நெடுங்கணக்கு கிடைக்காது; ஒருங்குறியில் றகரம் ரகரத்தை அடுத்தே வருகிறது.

இதே உத்தியை உயிர்களுக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. தனி இகரமும் இகரக் குறியும் வெவ்வேறு குறியீடுகள். அகரத்துக்கோ குறியே இல்லை. போதாக்குறைக்கு, "கொ"வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும் தொடை அவற்றை வேறாகவே கொள்ளும். ஆதலால் சரத்தைத் தொடையாக்குவதற்கு முன்னரே அதனை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.