பதினெட்டாயிரம் வாடகையில் கையில் நிற்பது எவ்வளவு?

சென்னை மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்க்க என் பெரியப்பா மகன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு படுக்கையறை, 900 சதுர அடி, விலை 60 லட்சம். "மாசம் பதினெட்டாயிரம் வாடகை வரும் சார், வாடகையே லோனை அடைச்சிடும்" என்றார் புரோக்கர். அண்ணனுக்கு இதுதான் முதல் முதலீடு, முகம் மலர்ந்துவிட்டது. அன்று இரவு ஒரு நோட்டை எடுத்துவைத்து இருவரும் கணக்குப் போட்டோம்.

மாதம் 18,000 என்றால் வருடத்துக்கு 2,16,000. அதை 60 லட்சத்தால் வகுத்தால் 3.6 சதவீதம். ரென்டல் யீல்டு என்று புரோக்கர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான். ஆனால் நம் கையிலிருந்து போவது 60 லட்சம் மட்டுமா? தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் அதுவே 5.4 லட்சம். அப்புறம் அலமாரி, கிரில், மின்விசிறி என்று 2.6 லட்சம் வைத்தோம். ஆக, 68 லட்சம்.

வரவுப் பக்கமும் அப்படியே நிற்காது. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும். அதற்கு வருடத்தில் ஒரு மாத வாடகையைக் கழித்தோம். பெயின்ட், குழாய், மோட்டார் ரிப்பேருக்கு 20,000, சொத்து வரிக்கு 6,000, புரோக்கர் கமிஷனுக்கு 9,000. மிஞ்சியது 1,63,000. அதை 68 லட்சத்தால் வகுத்தால் 2.4 சதவீதம்தான், அதுவும் வருமான வரிக்கு முன்னால்.

இனி கடன். புதிதாக முதலீடு செய்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பேன். 48 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 41,650 ரூபாய். வாடகையே லோனை அடைக்கும் என்ற பேச்சு இங்கேயே உடைந்துவிடுகிறது. ஆனால் அதைவிட முக்கியம், வட்டிக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளி. 2.4 சதவீதம் தரும் பொருளை 8.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கி வாங்குகிறோம். அந்த நிலையில், கடனாக வாங்கும் ஒவ்வொரு லட்சமும் வருடத்துக்கு 6,100 ரூபாயை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. யீல்டு வட்டியைவிட அதிகமாக இருக்கும் ஊரில் கடன் நமக்காக உழைக்கும். இங்கே கடனுக்காக நாம் உழைக்கிறோம்.

முதல் வருட வட்டி மட்டும் சுமார் 4.05 லட்சம். வாடகையில் மிஞ்சியது போக 2.42 லட்சம் துண்டு விழுகிறது. கடன் போகக் கையிலிருந்து போட்ட 20 லட்சத்தை 7 சதவீத வைப்பு நிதியில் போட்டிருந்தால் 1.4 லட்சம் வந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் 3.82 லட்சம். அதாவது வீட்டு விலை அந்த வருடம் 6.4 சதவீதம் ஏறினால்தான் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற இடத்துக்கு வருகிறோம். வரி மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள். புதிய வரி முறையில் வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

சரி, விலை ஏறுமா? ஏறுவது மண், கட்டடம் இல்லை. கட்டடம் வருடா வருடம் தேயும். அதனால் யூ.டி.எஸ். என்கிற, மனையில் நமக்குள்ள பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். ஒரே 900 சதுர அடி வீட்டுக்கு மூன்று மாடிக் கட்டடத்தில் 450 சதுர அடி மண் கிடைக்கலாம். பதினைந்து மாடியில் அதில் பாதிகூட வராமல் போகலாம். முப்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும்போது பேரம் அந்தப் பங்கை வைத்துத்தான் நடக்கும். வில்லங்கச் சான்றிதழையும் தாய்ப்பத்திரத்தையும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

மீதியெல்லாம் நேரில் தெரியும். மறுநாள் மாலை புரோக்கர் இல்லாமல் அதே தெருவுக்குப் போனோம். குளியலறைக் கூரையின் மூலையில் முதல் நாள் கண்ணில் பட்ட பழுப்புக் கறையைப் பற்றி வாட்ச்மேனிடம் கேட்டோம். மேல்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்றார். கோடையில் வாரத்துக்கு எத்தனை தண்ணீர் லாரி வருகிறது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்றும் விசாரித்தோம். வெள்ளம் வந்த தெருவில் குடியிருப்பவர் அடுத்த மழைக்கு முன்பே வீடு மாற்ற நினைப்பார், நமக்கு வீடு காலியாக நிற்கும்.

அந்தத் தெருவில் நான்கு டு-லெட் போர்டுகள் தொங்கின. ஒன்று வெயிலில் எழுத்தே வெளுத்துப்போயிருந்தது. வாடகைக்கு வீடு தேடுகிறவர் போல அண்ணன் நான்கு எண்களுக்கும் போன் செய்தார். அதே அளவு வீட்டுக்கு ஒருவர் 16,000 கேட்டார். மற்ற மூவரும் 15,500 என்றார்கள். நோட்டில் 18,000-ஐ அடித்துவிட்டு 15,500 போட்டோம். 2.4 சதவீதம் 2 ஆனது. அண்ணன் அந்த ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை.