விழுக்காடு: எதன் மேல் விழுகிறது?

கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கும்போதும், ஊர்க்குளத்து மீனைப் பங்கு போடும்போதும் காவிரிப் படுகை ஊர்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: “ஆளுக்கு எவ்வளவு விழும்?” விழுக்காடு என்ற சொல் இந்த ‘விழு’ என்னும் வினையிலிருந்து வந்தது. சாவது சாக்காடு, நோவது நோக்காடு, வேவது வேக்காடு. அதே வரிசையில் பங்காக வந்து விழுவது விழுக்காடு. இங்கே ‘காடு’ மரம் நிற்கும் காடு அல்ல, வினையைப் பெயராக்கும் ஈறு.

பழைய வழக்கில் ‘இன்னதற்கு இவ்வளவு’ என்னும் எந்த வீதமும் விழுக்காடுதான். நூறு என்ற எண் சொல்லுக்குள் இல்லை. பிற்காலத்தில் கலைச்சொல்லாக நிலைபெற்றபோது ‘நூற்றுக்கு’ என்பது சொல்லாமலே சேர்ந்துகொண்டது.

சதவிகிதம் வடமொழிவழி வந்தது: சதம் நூறு, விகிதம் வீதம். அதுவே தேய்ந்து சதவீதம் ஆயிற்று. பர்சென்ட் லத்தீனிலிருந்து வந்தது. அதற்கும் ‘நூற்றுக்கு’ என்றுதான் பொருள். மனை விற்பனையில் புழங்கும் சென்ட்டும் அதன் உறவுதான். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. விழுக்காடு, சதவீதம், பர்சென்ட் மூன்றில் எதை எழுதினாலும் புரியும். ஆனாலும் விழுக்காடு என்று எழுதுவதே நல்லது. தமிழ் என்பதற்காக மட்டும் இல்லை. ‘எதன் மேல் விழுகிறது?’ என்ற கேள்வியை அந்தச் சொல்லே கேட்டுவிடுகிறது. பணக் கணக்கில் வரும் பெரும்பாலான பிழைகள் அதைக் கேட்காததால் வருபவை.

நூற்றுக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கம் வருமுன் இங்கே பின்னங்கள் அந்த வேலையைச் செய்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் பணத்தைக் கடனாகப் பெற்ற ஊர்ச் சபைகள் ஆண்டுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு பொலிசை கட்ட வேண்டும் என்று வருகிறது. அரைக்கால் எட்டில் ஒன்று. இன்றைய கணக்கில் ஆண்டுக்கு 12.5 விழுக்காடு. பொலிசை என்றால் வட்டி. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லைப் ‘பொலி’ என்கிறோமே, அதே பொலிவுதான்.

நில அளவிலும் இது இருக்கிறது. இருபதில் ஒன்றுக்கு மா என்று பெயர். இருபது மா ஒரு வேலி. ஆக ஒரு மா நிலம் என்பது வேலியில் 5 விழுக்காடு. நூறு குழி ஒரு மா. ஆக ஒரு குழி, அதாவது 144 சதுர அடி, மாவில் சரியாக 1 விழுக்காடு. காணி எண்பதில் ஒன்று, 1.25 விழுக்காடு. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி, 6.25. குழிக்கணக்கு தெரிந்த விவசாயிக்கு விழுக்காடு புதிய பாடமே அல்ல.

மனக்கணக்குக்கு இரண்டு படி போதும். பத்து விழுக்காட்டுக்குக் கடைசி இலக்கத்துக்கு முன் புள்ளி வை. ஒரு விழுக்காட்டுக்கு இரண்டு இலக்கம் தள்ளி வை. 3,450 ரூபாயில் 12 விழுக்காடு: 345, அதோடு 34.50 இரண்டு தடவை, மொத்தம் 414.

இனி பிழைகளுக்கு வருவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. (மழைக்காலத்தில் சில ஆண்டுகள் தளர்த்தியிருக்கிறார்கள்.) கருவியில் 20 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். “மூணு பர்சென்ட்தானே, 40 கிலோ மூட்டைக்கு 1.2 கிலோ குறையும்” என்று கணக்குப் போடுவது வழக்கம். அது தப்பு. 40 கிலோவில் தண்ணீர் 8 கிலோ, தண்ணீர் நீங்கலான நெல் 32 கிலோ. காயப்போட்டால் தண்ணீர் மட்டும்தான் போகும். 32 அப்படியே இருக்கும். காய்ந்த பிறகு அந்த 32 கிலோ மொத்த எடையில் 83 விழுக்காடாக இருக்க வேண்டும். 32-ஐ 0.83-ஆல் வகுத்தால் 38.55 கிலோ. குறைவது 1.45 கிலோ. முதல் 20 ஈர மூட்டையின் மேல் விழுந்தது, பிந்தைய 17 காய்ந்த மூட்டையின் மேல் விழுகிறது. அடிப்படை எடை மாறிவிட்டதால் நேரே கழிக்க முடியாது. நூறு மூட்டைக்கு வித்தியாசம் 25 கிலோ.

வட்டியில் காலம் ஒளிந்துகொள்கிறது. ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 விழுக்காடு. வங்கியில் 9 என்று சொல்வது ஆண்டுக்கு. தெருக்கணக்கில் முக்கால் வட்டி. இரண்டையும் ஒப்பிடும்முன் மாதமா ஆண்டா என்று பார்க்க வேண்டும்.

தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம் என்று எழுதி, வட்டி ஆயிரத்தை முன்பிடித்தம் செய்து, கையில் 9,000 கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “பத்து பர்சென்ட்தான்” என்பார்கள். கையில் வந்தது 9,000. அதன் மேல் ஆயிரம் 11.1 விழுக்காடு. அந்த 9,000-மும் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. மறுநாளே திருப்பித் தரத் தொடங்குகிறோம். சராசரியாக நம்மிடம் இருப்பது ஏறக்குறைய 4,500தான். அதன் மேல் ஆயிரம் என்றால் நூறு நாளைக்கு 22 விழுக்காடு, மாதத்துக்கு ஏறத்தாழ ஆறரை வட்டி. காய்கறிக் கடைக்கும் பூக்கடைக்கும் முதல் வாங்குபவர்களின் லாபம் கரைவது இந்த இடத்தில்தான்.

நகைக்கடையில் ‘சேதாரத்தில் 25 விழுக்காடு தள்ளுபடி’ என்று போட்டிருந்தால் அது சேதாரத்தின் மேல் விழுவது, நகை விலையின் மேல் அல்ல. சேதாரம் 12 விழுக்காடு என்றால் 9 ஆகும். ஒரு பவுன் 8 கிராம்; சேதாரம் 0.96 கிராமிலிருந்து 0.72 ஆகும். மிச்சம் 0.24 கிராம் தங்கத்தின் விலையும் அதற்குரிய 3 விழுக்காடு ஜிஎஸ்டியும்தான்.

இதை எழுதும்போது 12 சேதாரம் 9 ஆனதை ‘3 விழுக்காடு குறைந்தது’ என்று எழுதக் கூடாது. ‘3 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது’ என்பதே சரி. விழுக்காடாகச் சொன்னால் குறைந்தது 25. விழுக்காட்டுக் குறியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ‘சதவீதம்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டில் ஒன்று போதும். வேற்றுமை உருபு ஏறும்போது ‘விழுக்காடை’ என்று வராது. வீடு வீட்டை ஆவது போல ‘விழுக்காட்டை’, ‘விழுக்காட்டில்’, ‘விழுக்காட்டுக்கு’.