நிலைபொருள்: ரூட்டரை இயக்கும் ஃபர்ம்வேருக்கு ஒரு தமிழ்ச்சொல்

சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரிலோ இணையக் கடையிலோ மலிவு விலை ரூட்டர் தேடுகிறவர்கள் இரண்டு சொற்றொடர்களை அடிக்கடி எதிர்கொள்வார்கள்: 'ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர்', 'ஏற்கெனவே ஏற்றப்பட்டது'. விற்பவருக்கு அது விளங்கும். வாங்குகிறவர் பெரும்பாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். தமிழில் இதற்குத் தெளிவான சொல் இருக்கும்போது இப்படி விளங்காமல் வாங்க வேண்டியதில்லை.

ரூட்டர் ஒரு சிறு கணினி. செயலி உண்டு, நினைவகம் உண்டு, விரல் நகத்தைவிடச் சிறிய ஃபிளாஷ் சில்லு ஒன்றும் உண்டு. அந்தச் சில்லில் பதிந்திருக்கும் நிரல்தான் ஃபர்ம்வேர். வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசிக்கும் முகவரி கொடுப்பது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, வெளியிலிருந்து வரும் வேண்டாத இணைப்புகளைத் தடுப்பது எல்லாம் அதன் வேலை. மின்சாரத்தைத் துண்டித்தாலும் அது அழிவதில்லை.

'வேர்' என்ற ஆங்கிலப் பின்னொட்டுக்குச் சரக்கு, பண்டம் என்பது பொருள். இரும்புக் கடைச் சாமான்களைக் குறித்த 'ஹார்ட்வேர்' கணினியின் உடலுக்குப் பெயராயிற்று. அதற்கு எதிர்ச்சொல்லாக எழுந்த 'சாஃப்ட்வேர்' கணினி நிரல் என்ற பொருளில் 1958இல் ஜான் டூக்கியின் கட்டுரையில் அச்சேறியது. 'ஃபர்ம்வேர்' 1967இல் வந்தது. டேட்டாமேஷன் இதழில் ஆஷர் ஓப்லர் எழுதிய கட்டுரையில்தான் அதைக் காண்கிறோம். செயலியின் உட்கட்டளைகளை மாற்றி எழுதவல்ல நுண்நிரலை அவர் அப்படி அழைத்தார். வன்பொருளுமல்ல, மென்பொருளுமல்ல, இரண்டுக்கும் நடுவில் நிற்பது என்பது அவர் கருத்து. கருவிகளுக்குள் நிலையாகப் பதிந்திருக்கும் நிரல்கள் அனைத்துக்கும் அந்தச் சொல் பிற்பாடு பரவியது.

வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்தைப் பிரித்தவர்கள் நாம். ஓப்லரின் கருத்தை மட்டும் பின்பற்றியிருந்தால் 'இடைப்பொருள்' என்று அழகாக ஒரு சொல் கிடைத்திருக்கும். ஆனால் இரு மென்பொருள்களுக்கு நடுவே பாலமாக நிற்கும் 'மிடில்வேர்' என்ற வேறொரு வகை நிரல் இருப்பதால் அது குழப்பத்தில் முடியும். இன்று வழங்கும் 'நிலைபொருள்' அதைவிடப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. மின்சாரம் போனாலும் நிலைத்திருப்பது என்ற செயல்பாட்டையே அது சொல்லிவிடுகிறது.

சிலர் 'நிலைப்பொருள்' என்று ஒற்று மிகுத்து எழுதுகிறார்கள். நிலைத்த, நிலைக்கின்ற, நிலைக்கும் பொருள் என்று மூன்று காலத்துக்கும் விரிவதால் நான் இதை வினைத்தொகையாகவே கொள்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'நிலையான பொருள்' என்று விரித்தால், மாறவே மாறாதது என்ற எண்ணம் வந்துவிடும். அது உண்மைக்கு மாறானது. நிலைபொருளை மாற்ற முடியும். மூல நிரலை (நிரலர் எழுதிய வடிவத்தை) யாரும் பார்த்து மாற்றக்கூடிய 'ஓப்பன் சோர்ஸ்', அதாவது திறந்த மூல ரூட்டர்களின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2002 இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான வீட்டு ரூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நிலைபொருளில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருப்பதை 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின்கீழ் வருவது. அதைச் சேர்த்து விற்கிறவர், வாங்கியவர் கேட்டால் மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும். அந்த ஆண்டுதான் லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியிருந்தது. பலர் தொடர்ந்து கேட்டதால் மூல நிரல் வெளியிடப்பட்டது. அதை அடித்தளமாகக் கொண்டு, ரூட்டர்களுக்குத் திறந்த மூல நிலைபொருள் உருவாக்கும் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் 2004இல் பிறந்தது. பெயரின் பின்பாதி அந்த ரூட்டரின் மாடல் எண்ணிலிருந்து எடுத்ததுதான். பின்னர் வந்த ஐந்தாம் பதிப்பில் நிறுவனம் லினக்ஸைக் கைவிட்டது. ஃபிளாஷ் நினைவகத்தையும் 4 மெகாபைட்டிலிருந்து 2 ஆகக் குறைத்தது. எதிர்ப்பு வலுக்கவே, லினக்ஸை வைத்துக்கொண்டு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடலே விற்றார்கள். வாங்கியவர்களின் விருப்பம் ஒரு நிறுவனத்தின் முடிவைத் திருப்பியது எனக்கு இன்றும் உற்சாகம் தரும் செய்தி.

நிலைபொருளைத் தானே மாற்றத் துணிவு எல்லாருக்கும் வராது. கோப்பு பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ரூட்டர் எழுந்திருக்காது. 'செங்கல்லாகிவிட்டது' என்பார்கள். அந்த அச்சத்தைப் போக்கவே ஏற்றியே விற்கும் வணிகம் வந்தது. 2006இல் ஸ்பெயினின் ஃபான் நிறுவனம் மிகக் குறைந்த விலையில் லா ஃபோனெரா ரூட்டரைக் கொடுத்தது. அதற்குச் சற்றுப் பின்னர், எம்ஐடி ஆய்வு மாணவர்கள் தொடங்கிய மெராக்கி 49 டாலருக்குச் சிறு ரூட்டர்களை விற்றது. இன்று ஜிஎல்.ஐநெட் நிறுவனம் சிறிய பயண ரூட்டர்களில் ஓப்பன்டபிள்யூஆர்டியைத் தழுவிய நிலைபொருளை ஏற்றி விற்கிறது. 2024இல் திட்டத்தாரே 89 அமெரிக்க டாலருக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற ரூட்டரை வெளியிட்டார்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மாடலை வாங்கிவிட வேண்டாம். 4 மெகாபைட் ஃபிளாஷ், 32 மெகாபைட் நினைவகம் மட்டுமே கொண்ட கருவிகளுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்துவிட்டது. 16 மெகாபைட் ஃபிளாஷ், 128 மெகாபைட் நினைவகமாவது இருக்கிறதா என்று விவரக்குறிப்பில் பார்த்து வாங்குங்கள். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறையின் தடித்த கான்கிரீட் சுவர் வைஃபையை மறிப்பதால் இரண்டாவது ரூட்டர் வாங்குகிறவர்களுக்கு இது முக்கியம்.

"தம்பி, இலவச மென்பொருளுக்கு எதற்கு இத்தனை வெள்ளி?" என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் வந்த குழப்பம் அது. தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. கட்டற்ற நிலைபொருளை விலைக்கு விற்கலாம். உரிமம் அதைத் தடுக்கவில்லை. மூல நிரலைக் கூடவே தர வேண்டும், அல்லது குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்து வாக்குறுதி தர வேண்டும் என்பதே ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் நிபந்தனை. இதை மறந்துவிடும் சிறு வணிகர்கள் உரிமத்தை மீறுகிறார்கள்.

சிங்கப்பூரில் இன்னொரு கடமையும் சேர்கிறது. 2021 ஏப்ரல் முதல் இங்கு விற்பனைக்கு வரும் வீட்டு ரூட்டர்கள் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பாதுகாப்புத் தேவைகளை நிறைவேற்ற வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாகவே இறங்க வேண்டும். கருவிகளின் பாதுகாப்பைத் தரப்படுத்தும் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையும் வைஃபை ரூட்டர்களுக்கு அப்போது கட்டாயமாக்கப்பட்டது. ஓப்பன்டபிள்யூஆர்டியைத் தரவிறக்கி அப்படியே ஏற்றினால் நிர்வாகக் கணக்குக்குக் கடவுச்சொல்லே இருக்காது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் செய்யாது. ஆகவே ஏற்றுவது பாதி வேலைதான். அதை இந்நாட்டு விதிகளுக்கேற்ப அமைத்துத் தருவதற்கும் சேர்த்தே விற்பவர் விலை கேட்கிறார்.

ரூட்டர் என்ற சொல்லுக்கும் தமிழ் கேட்பார்கள். வழி காட்டும் கருவி என்பதால் 'வழிப்படுத்தி' பொருளுக்கு நெருக்கமானது. சுருக்கமான 'திசைவி' அச்சில் ஊன்றிவிட்டது. பேச்சில் ரூட்டர் இருக்கட்டும், எழுத்தில் திசைவி வரட்டும். 'இணையம்' என்ற சொல்லை நமக்குத் தந்தவராகப் போற்றப்படும் நா. கோவிந்தசாமி வாழ்ந்த ஊர் இது. இங்குள்ள கடைகளின் பெட்டிகளில் இப்படி ஒரு வரி அச்சிடுவது கடினமல்ல: 'கட்டற்ற நிலைபொருள் ஏற்றப்பட்ட திசைவி, மூல நிரல் கேட்டால் வழங்கப்படும்.'